அடிக்க மட்டும்

ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி இன்னிங்ஸுக்கு முன்னால் அவள் கணவனிடம் போய் நிற்பாள்.

"மாஸ்டர், இன்னைக்காவது இறங்கட்டுமா?"

அணியின் கோச் அவன்; எல்லோருக்கும் மாஸ்டர். களத்துக்கு வந்தால் அவளுக்கும் மாஸ்டர்தான். 'என்னங்க' எல்லாம் வீட்டோடு சரி.

அவன் களத்தைப் பார்த்தபடியே பதில் சொல்வான். "நீ இறங்கினா டிஎச் போயிடும். அப்புறம் நெட்டை பேட் பிடிக்கணும். பரவாயில்லையா?"

நெட்டை அணியின் பிட்சர். பந்து எறிவதில் கெட்டிக்காரி. பேட்டைக் கொடுத்தால் ஒட்டடைக் கம்பைப் பிடிப்பதுபோலப் பிடிப்பாள்.

"வேணாம்," என்பாள் அவள். பெஞ்சுக்குத் திரும்பி வருவாள்.

மூன்று வருடமாக இதே கேள்வி, இதே பதில். முதல் பேஸில் நிற்கும் வாயாடிக்கு இது மனப்பாடம். "அக்கா மனு கொடுக்கப் போயிட்டாங்க," என்பாள். "மனு தள்ளுபடி," என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிடுவாள்.

டிஎச் என்பது பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே குறித்து வைத்த ஆள். தன் முறை வரும்போது எழுந்து போய் அடிக்க வேண்டும். அணி களத்தில் நிற்கும்போது பெஞ்சில் உட்கார வேண்டும். பிடிப்பதில்லை, எறிவதில்லை. அடிக்க மட்டும்.

அவளும் அவனும் பேஸ்பாலில் வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்கு முன்பே ஒரே மைதானத்தின் இரண்டு மூலைகளில் பயிற்சி எடுத்தவர்கள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் யாரும் யாருக்காகவும் அடிப்பதில்லை. வந்த பிள்ளை எல்லாம் பேட் பிடிக்கும். பள்ளிக்கூட ஆட்டத்தில் ஒன்பது பேரில் யாருக்கு வேண்டுமானாலும் டிஎச் வைக்கலாம். பெரியவர்கள் ஆட்டத்தில் பிட்சருக்கு மட்டும்தான். அங்கே டிஎச் ஒரு தடவை களத்தில் இறங்கிவிட்டால் அந்தச் சலுகை அன்றோடு போயிற்று. பிட்சர் தன் பேட்டைத் தானே தூக்க வேண்டும். இது அவர்கள் இருவருக்கும் ரத்தத்தில் ஊறியது.

பிறகு பெண்கள் பேஸ்பால் அணிக்கு எதிரணி கிடைக்காமல் போனது. பாட்டில் ஆலை சாஃப்ட்பால் அணி தொடங்கியது. பந்து பெரிது, களம் சிறிது, பிட்சர் கையைக் கீழிருந்து சுழற்றி எறிவாள். மற்றதெல்லாம் ஒன்றுதான் என்று இருவருமே நினைத்தார்கள். டிஎச்சுக்கு இங்கே டிபி என்று பெயர். பெயர் மாறினால் ஆள் மாறுமா. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவர்கள் ஆடிய கீழ்ப் பிரிவில் வேறு எந்த அணியும் டிபி வைத்ததில்லை. ஒன்பது பேரை வேலையிலிருந்து கிளப்பிக்கொண்டு வருவதே பெரும்பாடு. பத்தாவது ஆளுக்கு எங்கே போவது.

அவள் ஷார்ட்ஸ்டாப் ஆடியவள். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்கிற இடம். பந்து அதிகம் வரும் இடம். பிடித்து, திரும்பி, அடித்தவள் முதல் பேஸுக்கு ஓடிச் சேர்வதற்குள் களத்தின் குறுக்கே அங்கே எறிய வேண்டும். பேஸ்பாலின் கடைசி வருடத்தில் சறுக்கி விழுந்து வலது தோள் நழுவியது. அறுவை செய்த டாக்டர், "ஒரு வருஷம் எறியக் கூடாது. பேட் பிடிக்கலாம், பார்த்து," என்றார். அப்படித்தான் டிஎச் ஆனாள். ஒரு வருடத்துக்கு என்று. அந்த வருடமும் ஆசை தாங்காமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் இடத்தில் தவளை நின்றாள். ஆலைக்குப் புதிதாக வந்தவள். குதித்துக் குதித்துப் பந்தைப் பிடிப்பதால் அந்தப் பெயர். நல்ல பெண். நல்ல கை.

ஒரு வருடம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மதிலில் எறிய ஆரம்பித்தாள். வேலைக்குக் கிளம்பும் முன் தினமும். முதலில் பக்கத்தில் நின்று. பிறகு தள்ளி. பிறகு இன்னும் தள்ளி, கொடிக்கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அந்த நேரத்தில் அவன் சமையலறையில் தேநீர் போடுவான். சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்.

*

இந்த வருடம் ஆலை அணி மேல் பிரிவுக்கு ஏறியது. துறைமுக அணியோடு ஆட்டம். அவர்களிடம் ஒரு கண்ணாடிக்காரி இருந்தாள். தடித்த கண்ணாடி, தடித்த கை. அவர்கள் பிட்சருக்குப் பதிலாக அடிப்பவள் அவள்தான். அடிக்காத நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தன்னைப்போல இன்னொருத்தி என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் சிரித்தும் வைத்தாள்.

ஆட்டத்தின் நடுவில் துறைமுக அணியின் மூன்றாவது பேஸ்காரிக்குக் கணுக்கால் பிசகியது. அவள் நொண்டிக்கொண்டே பெஞ்சுக்கு வந்தாள். கண்ணாடிக்காரி எழுந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு மூன்றாவது பேஸில் போய் நின்றாள்.

ஆலைப் பெஞ்சில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போச்சு," என்றாள் வாயாடியிடம். "அவங்க டிஎச் போச்சு. இனி பிட்சர்தான் அடிக்கணும்."

"அந்தப் பிட்சரா? நம்ம நெட்டைக்குத் தங்கச்சி மாதிரி இருக்கா. அடிச்ச மாதிரிதான்."

துறைமுக அணி அடிக்க வந்தது. கணுக்கால் பிசகியவளின் முறை. பிட்சர் வர வேண்டிய இடம். ஆனால் அந்தக் கணுக்கால்காரியே பேட்டை ஊன்றி நடந்து வந்தாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவள் துள்ளி எழுந்து கணவனைப் பார்த்தாள். ஒரு புல் வளைந்திருந்தாலும் அம்பயரிடம் நியாயம் கேட்கப் போகிறவன். இதற்குள் பாதி தூரம் போயிருக்க வேண்டும்.

அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், அங்க பாருங்க. அவ வெளிய போனவ. பிட்சர்தான் வரணும்."

"விடு," என்றான் அவன்.

"விடுறதா?"

"ஆட்டம் நடக்கட்டும்."

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். கேப்டன் அவள்தான். கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தானே நடந்தாள்.

அம்பயர் வயதான பெண். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்ன கேப்டன்?" என்றாள்.

"இவங்க டிஎச் களத்துல இறங்கிட்டாங்க. அதோட டிஎச் முடிஞ்சுது. இந்தப் பொண்ணு இப்ப ஆட்டத்துலயே இல்ல. பிட்சரைக் கூப்பிடுங்க."

அம்பயர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பேஸ்பால் ஆடினவங்களா?"

"ஆமா."

"அதானே பார்த்தேன். இங்க அப்படி இல்லம்மா. இங்க டிபி. அவ எப்ப வேணாலும் இறங்கலாம். யார் இடத்துல வேணாலும் நிக்கலாம். அந்த இடத்துக்காரி உட்கார்ந்துட்டு, முறை வந்தா வந்து அடிப்பா. பிட்சர் பாட்டுக்கு எறிஞ்சிட்டிருப்பா. யாருக்கும் எதுவும் போகாது."

"திரும்ப பெஞ்சுக்கு வந்துட்டா?"

"வரலாம். மறுபடி போகலாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"எல்லாப் பிரிவுலயுமா?"

"சாஃப்ட்பால்னா இதான்மா. பல வருஷமா இப்படித்தான்."

துறைமுகப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "பஸ் மாறி ஏறிட்டாங்கடி. இறக்கிவிடுங்க, பாவம்."

சிரிப்பு எழுந்தது. அவள் அதைக் கேட்டாள், ஆனால் அது வேறு யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. அவள் திரும்பித் தங்கள் பெஞ்சைப் பார்த்தாள். எல்லோரும் எழுந்து நின்று என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அந்தக் கயிறு இன்னும் கட்டி முடியவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு அவள் முறை வந்தது. மூன்று பந்தும் கண்ணுக்கே தெரியாமல் அவுட் ஆனாள். கடைசி இன்னிங்ஸுக்கு முன்னால் அவள் எழுந்து போகவில்லை. அவன் வழக்கமான இடத்தில் நின்று களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றான். வாயாடி எதுவோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

*

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவன் இரண்டு தடவை வானொலியைப் போட்டு இரண்டு தடவை அணைத்தான்.

சமையலறையில் அவள் கையைக் கழுவினாள். துடைத்தாள். துண்டை மடித்துக் கம்பியில் போட்டாள்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

அவன் கதவருகே நின்றான். "முதல் வருஷம் தெரியாது. சத்தியமா."

"அப்புறம்?"

"ரெண்டாவது வருஷம் கோச்சுகளுக்கு வகுப்பு வெச்சாங்கல்ல. அங்க சொன்னாங்க. எனக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. உன்கிட்ட உடனே சொல்லணும்னுதான் வீட்டுக்கு வந்தேன்."

"வந்து?"

"நீ பின்னாடி எறிஞ்சிட்டிருந்த. இந்த ஜன்னல்லயிருந்து பார்த்தேன். எறிஞ்ச பந்து மதில்கிட்டயே போகல. நீ தோளைப் பிடிச்சிட்டு அப்படியே தரையில உட்கார்ந்த. அழுத."

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அதுதான் ஆரம்பம்.

"அதனால?"

"அதனால என்ன. உன்னை இறக்கிவிட்டு, எல்லார் முன்னாடியும் பந்து பாதியில விழுந்து, நீ இப்படி உட்கார்ந்தா நான் எப்படிப் பார்க்கிறது? கை போச்சுன்னு உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? சட்டம்தான் ஏற்கெனவே சொல்லிட்டிருந்துதே. அதுவே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"இல்லாத சட்டம்."

"உனக்கு இருந்துதே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முழுப் பூசணிக்காயை ஒரு தட்டுச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம். சோற்றைப் பிசைகிறவன் மேல் நம்பிக்கை இருந்தால் போதும்.

"அதுக்கப்புறம் வந்து பார்த்தீங்களா?"

"என்னத்தை?"

"நான் எறியறதை."

அவன் கதவின் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"ரெண்டு வருஷம். தினமும் எறிஞ்சேன். நீங்க இங்க நின்னு தேநீர் போட்டீங்க. ஜன்னல் இதோ இருக்கு. ஒரு தடவை எட்டிப் பார்த்தீங்களா?"

"பார்க்க மனசு வரல."

"சரிங்க மாஸ்டர்," என்றாள் அவள்.

வீட்டுக்குள் அந்தச் சொல் அதுவரை வந்ததில்லை. அவன் முகம் அடிபட்டதுபோல ஆயிற்று. அவள் எழுந்து அவனைக் கடந்து போனாள்.

*

ஆலையில் அவளுக்குச் சோதனைப் பகுதி. வரிசையாக வரும் பாட்டில்களுக்குப் பின்னால் வெள்ளை விளக்குப் பலகை எரியும். குமிழ் இருந்தால், விரிசல் இருந்தால், கழுத்து கோணியிருந்தால் எடுத்துக் கூடைக்குள் போட வேண்டும். உடையும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த மாதம் பகுதி வேறு ஊருக்குப் போகிறது. பெண்களில் பாதிப் பேர் அதோடு போகப்போவதில்லை. ஆகவே அணியும் கலைகிறது. மிச்சம் ஓர் ஆட்டம்.

தவளை சாப்பாட்டு நேரத்தில் வந்து எதிரே உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே உங்களை இறக்கியிருப்பேன்."

"உன் மேல என்ன தப்பு."

"எனக்கு ஒண்ணும் போகாதாமே. நான் உட்கார்ந்துட்டு அடிக்க மட்டும் வந்தா போதுமாம். மூணு வருஷமா..." தவளை நிறுத்தினாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

வாயாடி இடையில் புகுந்தாள். "ஒரே விளையாட்டுக்கு இடத்துக்கு ஒரு சட்டம். குழந்தைக்கு ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, பெரியவனுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம் கதைதான். சும்மா விடுங்கக்கா. மாஸ்டரும் குழம்பிட்டாரு போல."

"குழம்பல," என்றாள் அவள்.

வாயாடி அவளைப் பார்த்தாள். தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து அவள் மூடியில் வைத்தாள்.

"கடைசி ஆட்டத்துல கடைசி இன்னிங்ஸ் நான் நிக்கிறேன்," என்றாள் அவள் தவளையிடம்.

"முழு ஆட்டமும் நில்லுங்கக்கா."

"ஒண்ணு போதும்."

அந்த வாரம் வீட்டில் தேவையான பேச்சு மட்டும் நடந்தது. காஸ் தீர்ந்துவிட்டது. குழாய் சொட்டுகிறது. ஒரு காலையில் அவன் பின்வாசலில் வந்து நின்றான். அவள் கையுறையை அப்போதுதான் மாட்டியிருந்தாள்.

"ஒரு தடவை எறிஞ்சு காட்டேன். பார்க்கிறேன்."

அவள் கையுறையைக் கழற்றினாள். "களத்துலயே பாருங்க," என்று உள்ளே போய்விட்டாள். அன்று மதிலில் சத்தம் இல்லை.

*

கடைசி ஆட்டம் ஆஸ்பத்திரி அணியோடு. மாலை வெயில் சாய்வாக இருந்தது. கம்பி வேலிக்கு வெளியே சில குடும்பங்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன.

அவள் இரண்டு தடவை நன்றாக அடித்தாள். ஒரு ஓட்டம் அவளால் வந்தது. கடைசி இன்னிங்ஸில் ஆலை அணிக்கு ஒரு ஓட்டம் முன்னிலை. ஆஸ்பத்திரி அணி அடிக்க வேண்டும்.

அவள் கையுறையோடு எழுந்தாள். மனு கொடுக்கவில்லை. கணவன் அவளைப் பார்க்காமலேயே அம்பயரிடம் போய்ச் சொன்னான். "டிபி ஷார்ட்ஸ்டாப்புக்கு." அம்பயர் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு அத்தனை நேரம்தான் பிடித்தது.

தவளை ஓடிவந்து அவள் தோளைத் தொட்டுவிட்டு பெஞ்சுக்குப் போனாள். இடது தோளை.

அவள் நடந்து போய்த் தன் இடத்தில் நின்றாள். மண் கொஞ்சம் ஈரமாக இருந்தது. காலால் தேய்த்துப் பார்த்தாள். அங்கிருந்து களம் வேறுமாதிரி தெரிந்தது. பெஞ்சிலிருந்து பார்க்கும்போது எல்லோர் முதுகும் தெரியும். இங்கே எல்லாம் அவளை நோக்கி இருந்தது.

நெட்டை எறிந்தாள். முதல் பெண் அவுட். இரண்டாவது பெண் அடித்துவிட்டு இரண்டாவது பேஸ்வரை ஓடினாள். அடுத்தவள் தட்டிவிட்ட பந்தில் அவள் மூன்றாவது பேஸை அடைந்தாள், தட்டியவள் அவுட். இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது பேஸில் நிற்பவள் அடிக்கிற இடத்துக்கு ஓடி வந்து சேர்ந்தால் ஓட்டங்கள் சமம்.

வாயாடி முதல் பேஸிலிருந்து கத்தினாள். "அக்கா, என் பக்கம் அனுப்புங்க. சும்மா நின்னு கால் மரத்துப் போச்சு."

அவள் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்தாள். அப்போது ஒரு நினைப்பு வந்தது. கூப்பிடாமலே வந்தது. பந்து வரட்டும். எறி பாதியில் விழட்டும். விழுந்தால் அவன் சொன்னது சரி. பொய் சொன்னான், ஆனால் கண்டதைத்தான் சொல்லாமல் வைத்திருந்தான், அவளுக்காக வைத்திருந்தான். எல்லோர் முன்னாலும் கொஞ்சம் அழுதுவிட்டு அவனோடு காரில் ஏறலாம். வீட்டுக்குப் போனதும் தேநீர் போடச் சொல்லலாம். மெதுவாக ஒரு நாள் 'என்னங்க' என்று கூப்பிடலாம்.

விழட்டும் என்று அவள் உண்மையாகவே வேண்டிக்கொண்டாள்.

பேட்டில் பட்ட சத்தம் கேட்டது. பந்து தரையோடு, அவளுக்கு வலப்பக்கமாக, வேகமாக வந்தது. அவள் யோசிக்கவில்லை. கால் குறுக்கே போனது. கையுறை மண்ணைத் தொட்டது. பந்து உள்ளே வந்து அடங்கியது. உடம்பு தானாகத் திரும்பியது. ஓடுகிறவள் முதல் பேஸுக்கு நாலு எட்டுத் தூரத்தில் இருந்தாள். கை பின்னால் போய் மேலே வந்தது. தோள் எதையும் சொல்லவில்லை.

பந்து வளையவில்லை. தாழவில்லை. வாயாடி காலை நகர்த்தக்கூட வேண்டியிருக்கவில்லை. மார்புக்கு நேராக நீட்டியிருந்த கையுறைக்குள் போய் அறைந்தது.

"அவுட்," என்றாள் அம்பயர்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். நெட்டை அவளைத் தூக்கிவிட்டாள். தவளை பெஞ்சிலிருந்து கைகளை விரித்துக்கொண்டு வந்தாள். வேலிக்கு வெளியே இருந்தவர்கள் எழுந்து தட்டினார்கள். அவர்களுக்கு அது ஒரு நல்ல எறி, அவ்வளவுதான்.

எல்லோரையும் விட வேகமாக ஓடிவந்தவன் அவன். தொப்பி எங்கேயோ விழுந்திருந்தது. அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் பல வருடமாகப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் நல்ல எறி எறியும்போதெல்லாம் மைதானத்தின் அந்த மூலையிலிருந்து இப்படித்தான் ஓடிவருவான்.

"பார்த்தியா," என்றான். மூச்சு வாங்கியது. "எப்படிப் போச்சு பார்த்தியா. நூல் பிடிச்ச மாதிரி. கை நல்லா இருக்கு. ஒண்ணுமே ஆகல, நல்லா இருக்கு."

"நல்லா இருக்கு," என்றாள் அவள்.

"நான் என்னமோ..."

அங்கேதான் நின்றான். சந்தோஷம் முகத்திலிருந்து உடனே போகவில்லை. வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் முதலில் புரிந்துகொண்டது. பிறகு வாய்.

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு ஏதாவது மிச்சமிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெட்டை அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மற்றவர்களை ஓட்டிக்கொண்டு போனாள்.

"எப்பலயிருந்து இப்படி எறியற?" என்று கேட்டான். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"தெரியல. ஒன்றரை வருஷம் இருக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் உச்சியைப் பார்த்தாள். அங்கே முடி மெலிந்திருந்தது. கையை வைக்க வேண்டும்போல இருந்தது. வைத்தால் எல்லாம் முடிந்துவிடும். வைக்கவில்லை.

"விழும்னுதான் நினைச்சேன்," என்றாள். "விழுந்திருக்கலாம்."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அவள் பெஞ்சுக்குப் போய்த் தன் பையை எடுத்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவன் காரைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தான். அவள் அதைக் கடந்து வாயாடியின் வேனுக்குப் போனாள். வாயாடி பின்சீட்டிலிருந்த குழந்தை நாற்காலியைத் தள்ளி இடம் பண்ணினாள். முன்னால் உட்காரச் சொல்லவில்லை. பின்னால் என்றால் அழுவதற்கு வசதி என்று நினைத்திருப்பாள்.

வேன் கிளம்பியதும் வாயாடி பேச ஆரம்பித்தாள். அந்த எறியைப் பற்றித்தான். கையுறைக்குள் இன்னும் எரிகிறது என்றாள். வீட்டில் புருஷனிடம் காட்டப் போகிறேன், சிவந்திருக்கும் பாருங்கள் என்றாள். "அடுத்த வருஷம் அணி இருந்தா நீங்கதான் ஷார்ட்ஸ்டாப். தவளையை வேற எங்கயாவது நிறுத்திக்கலாம்." அணி இருக்காது என்பது அவளுக்கும் தெரியும். வாயாடி பேசிக்கொண்டே போனாள். பின்னால் அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்து வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கவில்லை. வலிக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

வேன் அவள் தெருவுக்குள் திரும்பியது. கார் முன்பே வந்து நின்றிருந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது. தெருப்பக்க ஜன்னலில் அவன் உருவம் தெரிந்தது. தேநீர்க் கெண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.

வாயாடி வேகத்தைக் குறைத்தாள். "அக்கா?"

அவள் கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்தாள். வேன் வாசலில் நின்றது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே எட்டிப் பார்த்தான்.

"போ," என்றாள் அவள்.

"எங்கக்கா?"

"போ. சொல்றேன்."

வாயாடி கியரை மாற்றினாள்.